பகேரியாவைப் பார்த்து நிற்கும் புத்தகத் தாங்கி

சிஞ்ஞோரா,

புத்தகத் தாங்கியின் முளை என்னிடம்தான் இருக்கிறது. மேசைவிளக்கின் மேல் துண்டொன்றைப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, அதை இடக்கையில் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். விரலளவு ஒலிவ மரத்துண்டு. தலைப்பக்கத்தில் ஒரு துளை, அதில் நீங்கள் கோத்த நீல நூல். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் உங்கள் விரல்மூட்டுகளுக்குப் பூசுகிற கற்பூரக் களிம்பு மணக்கிறது. நீங்கள் போய் ஒரு கோடை முழுவதும் கழிந்துவிட்டது. மரம் இன்னும் மணத்தை விடவில்லை.

நாளைக் காலை உங்கள் அண்ணன் மகன் உரோமிலிருந்து வருகிறார். உங்களை அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்தவர் இப்போது வீட்டை ஒதுக்க வருகிறார். புத்தகங்களைத் தான் எடுத்துப்போவதாகவும், மற்றவற்றைப் பழைய சாமான்காரர் வந்து ஏற்றிப்போவார் என்றும் தொலைபேசியில் சொன்னார். உங்கள் பெரிய நோன்புக்கு முன்னர் எல்லாம் முடிந்துவிட வேண்டுமாம். மாலையில் அம்மாவும் நானும் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போகிறோம். பெரியம்மா தன் வீட்டில் ஓர் அறையின் பாதியை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்.

அம்மா இன்று முழுவதும் நிலத்தைத் தேய்த்தார். உங்கள் அண்ணன் மகன் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும், அம்மா இந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்தவர் என்று. அது இல்லாமல் அடுத்த வேலை கிடைப்பது கடினம். வேலை இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் போய் நின்று, இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பது அதைவிடக் கடினம். ஆகவே எனக்குக் கட்டளை போட்டுவிட்டார்.

“அவர் வந்தால் நீ அறைக்குள்ளை இரு பிள்ளை. ஒண்டும் கேட்டுப்போடாதை. ஒரு பீங்கானைக் கேட்டாலும், இன்னும் என்னென்ன எடுத்தவை எண்டுதான் யோசிப்பார்.”

எனக்குப் பீங்கான் வேண்டாம். சாப்பாட்டறைச் சுவரோடு நிற்கிற அந்தப் புத்தகத் தாங்கிதான் வேண்டும். வேறு எதையும் நான் இந்த வீட்டில் ஆசைப்படவில்லை.

வாயைத் திறந்து கேட்காமலே அதைப் பெறவும் எனக்கு ஒரு வழி தெரியும். பலகையைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினால் போதும். அங்கே அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் மரத்துக்குள் ஊறிக் கிடக்கின்றன. உங்கள் அண்ணன் மகன் யூதர்கள் போடுகிற அந்தச் சின்னத் தொப்பியைக் குளிக்கும்போது மட்டுமே கழற்றுவார் போலும். போன முறை வந்தபோது எங்கள் தேநீரைக்கூடத் தான் கொண்டுவந்த கோப்பையில்தான் வாங்கிக் குடித்தார். அந்தச் சிவப்பைக் கண்டால் அவர் தாங்கியைத் தொடமாட்டார், விட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் அதன்மேல் கையூன்றித்தான் நீங்கள் பிரார்த்தித்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் நீங்கள் எடுத்த முடிவு அது.

இதை இத்தாலியனில் எழுதினால் நாளைக்கு அவர் கண்ணில் பட்டுவிடலாம். அந்தப் பயத்தில்தான் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீங்கள் இத்தாலியனில் சொன்னவைகூட எனக்கு அம்மாவின் தமிழில்தான் நினைவில் நிற்கின்றன. உங்களை அப்படியே பேசவிடுகிறேன்.

நான் பலெர்மோவுக்கு வந்த புதிதில் நீங்கள் சுவரோடு கதைக்கிறீர்கள் என்று நினைத்தேன். பீங்கான் அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில், படமோ சிலையோ இல்லாத வெறும் சுவர். அதன் முன்னால் கால்களைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் புத்தகத்தை ஏந்தியபடி நின்றீர்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா என் காதருகே குனிந்தார்.

“பயப்பிடாதை, சிஞ்ஞோரா கும்பிடுறா. ஜெருசலேம் அந்தப் பக்கம் கிடக்காம். எனக்கெண்டால் பகேரியாதான் தெரியுது.”

அன்றிலிருந்து எங்கள் அறையில் அது ஒரு பேச்சாகிவிட்டது. தொலைபேசியில் யாராவது உங்களைக் கேட்கும்போது, அம்மா என்னிடம் திரும்பி, “சிஞ்ஞோரா பகேரியாவுக்குப் போட்டா எண்டு என்னெண்டு சொல்லுறது?” என்பார். ஒருநாள் நீங்கள் அதைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்டீர்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

“பரவாயில்லை. போற வழியிலைதானே கிடக்கு.”

இந்த நகரத்தில் உங்களோடு சேர்ந்து நிற்க ஒருவரும் இருக்கவில்லை. லிபியாவின் திரிப்போலியில் பிறந்து, அங்கே யூதர்கள் இருக்க முடியாத நாள் வந்தபோது ஒரு சூட்கேசோடு கப்பலேறி, பிறகு கணவரின் வேலைக்காக இங்கே வந்தீர்கள். அவர் இறந்த பிறகு உங்கள் சகோதரர்கள் உரோமுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை சாமான் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்களாம். அப்பா இறந்த பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்த என் அம்மாவுக்கு அந்தக் கதையை நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. சூட்கேஸ் என்ற சொல்லிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் வந்து அடுத்த ஆண்டு உங்கள் கை நடுங்கத் தொடங்கியது. புத்தகத்தை ஏந்தினால் பக்கம் படபடக்கும். “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது,” என்பீர்கள். சாப்பாட்டு மேசையில் வைத்துக் குனிந்து வாசித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாளாந்தப் பிரார்த்தனை உங்களுக்கு மனப்பாடம், அதற்குப் புத்தகம் தேவையில்லை. ஆனால் பெரிய நோன்பு நாளில் வாசிப்பது வேறு புத்தகம், செங்கல் போன்ற தடிப்பு. ஆண்டுக்கு ஒரே நாள் திறப்பது. அதை யார் மனப்பாடம் செய்வார்கள்? அதில் பெரும்பகுதியை நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும் என்றீர்கள். ஏலாதவர்கள் கதிரையில் இருந்து சொல்லலாம் என்று விதி உண்டாம். அதைச் சொன்னபோது உங்கள் முகம் சிறுத்துப்போயிற்று.

“கால் நல்லாத்தான் கிடக்கு. இந்தக் கைக்காகக் காலும் குந்தவேணுமோ?”

பீங்கான் துடைத்துக்கொண்டிருந்த அம்மா துடைப்பதை நிறுத்தினார். அடுத்த நோன்புக்கு நீங்கள் நிற்க வேண்டும் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சொந்த விடயமாகிவிட்டது.

முதலில் நீங்களே ஒரு வழி பார்த்தீர்கள். அயன் பண்ணுகிற மேசையை இழுத்துச் சுவரின் முன்னால் போட்டு, கேக் தகரமொன்றைக் கவிழ்த்து, அதில் புத்தகத்தைச் சாய்த்து வைத்தீர்கள். உயரம் கூட்டிக் குறைக்கலாம், என்ன குறை என்று கேட்டீர்கள். அம்மா கூடை நிறையப் படுக்கை விரிப்புகளோடு வந்து நின்றார். “சிஞ்ஞோரா, கடவுளுக்கு ஒரு மேசை, துணிக்கு ஒரு மேசை எண்டு பிரிச்சுத் தாங்கோ.” நான் மொழிபெயர்த்ததைக் கேட்டு நீங்கள் சிரித்த வேகத்தில் மேசையில் கையூன்றினீர்கள். அது மடிந்து தடாலென்று விழுந்தது. நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து, பழக்கத்தில் கண்ணில் ஒற்றி நீட்டினேன். நீங்கள் வாங்கி முத்தமிட்டீர்கள். அம்மா மேசையைத்தான் முதலில் தூக்கினார்.

அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்பப் பாடத்துக்கு, வீட்டில் பயன்படும் ஒரு பொருளை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்துக் கீறச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் விளக்கு, இறாக்கை, கதிரை என்று கீறினார்கள். நான் அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையை மடக்கச் சொல்லி, முழங்கை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன்.

“என்ன, சவப்பெட்டிக்கோ அளக்கிறாய்?”

“இல்லை. பகேரியாவுக்கு.”

இத்தாலியனில் நான் சொன்ன முதல் பகிடி அதுதான். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேசையைப் பார்க்கிற எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

உங்களுக்கு ஒன்றும் இலேசில் பிடிக்காது. பலகை படுத்துக் கிடந்தால் கழுத்து குனிகிறது, நிமிர்ந்து நின்றால் புத்தகம் மூடுகிறது என்றீர்கள். புத்தகம் வழுக்காமல் கீழே ஒரு தடுப்புச் சட்டம் வேண்டும், ஆனால் அது கடைசி வரியை மறைக்கக் கூடாது என்றீர்கள். எபிரேயப் புத்தகம் நம் புத்தகத்தின் முடிவில் தொடங்குவது, தாளை மறுபக்கம் புரட்டுவது. ஆகவே நான் வலதுபுறம் கீறியிருந்த பென்சில் குழி இடதுபுறம் போயிற்று. பிறகு அந்தக் குழியையே வேண்டாம் என்றீர்கள், சனிக்கிழமை உங்கள் ஓய்வுநாள், அன்றைக்கு எழுதுவதில்லையே என்று.

சனிக்கிழமைதான் என் படத்தை இன்னொரு முறையும் கெடுத்தது. கதிரையில் இருந்து படிக்க ஓர் உயரம், நின்று பிரார்த்திக்க ஓர் உயரம். நடுத்தண்டை ஏற்றி இறக்க, பாட்டு வாசிப்பவர்களின் தாங்கியில் இருப்பதைப்போல ஒரு திருகாணி கீறியிருந்தேன். எனக்கு அதில் பெருமை. நீங்கள் விரலால் அந்தத் திருகாணியை மூடினீர்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி மாலைவரை திருகி இறுக்குகிற வேலை உங்களுக்கு இல்லை.

“நான் திருகித் தாறன்,” என்றேன்.

“நான் உன்னை ஏவவும் கூடாது.”

அது எங்களுக்குத் தெரிந்ததுதான். சனிக்கிழமைகளில் நீங்கள் ஒன்றும் செய்யச் சொல்லமாட்டீர்கள். “சமையலறை இண்டைக்கு நல்ல இருட்டு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வீர்கள். அம்மா போய் விளக்கைப் போடுவார். ஆனால் பிரார்த்தனைக்கு நடுவில் ‘பலகை இண்டைக்கு நல்லாக் கீழை கிடக்கு’ என்று சொல்லிக்கொண்டா நிற்பது? அதற்கும் மேலாக, அந்தச் சுவரின் முன்னால் நிற்க உங்களுக்கு இன்னொருவரின் கை தேவைப்படக் கூடாது என்று விரும்பினீர்கள். திருகாணியை அழித்தேன். தண்டில் இரண்டு துளை, இறுக்கமில்லாமல் போய் வருகிற ஒரு முளை. தூக்கு, செருகு, விடு. எந்த நாளிலும் செய்யலாம் என்றீர்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு வியா ஒரேத்தோ தெருவில் இருக்கிற தச்சரிடம் போனோம். சந்தியில் யாரோ நீதிபதியின் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு இராணுவத்தான் நின்றான். மாஃபியா நீதிபதிகளைக் கொன்ற காலம், அப்போது பலெர்மோவில் பல சந்திகளில் அப்படித்தான். எனக்குக் கால் தானாகவே திரும்பியது. அதே கணத்தில் நீங்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதைக்கு இறங்கினீர்கள். நடுவீதியில் ஒருவரையொருவர் பார்த்தோம். கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். யார் யாரைக் கூட்டிப்போனோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பால் போன பிறகு, “அந்தப் பெடியனுக்கு இருபது வயசும் இராது,” என்றீர்கள். ஆனால் திரும்பி வரும்போதும் அந்த நடைபாதையால்தான் வந்தோம்.

தச்சர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இது பாதிரியாருக்கோ, பாட்டுக்காரருக்கோ?”

“எனக்கு,” என்றீர்கள்.

“நீங்கள் பிரசங்கம் வைக்கப் போறியளோ?”

“கேக்க ஆள் கிடைச்சால் வைப்பன்.”

அவர் என்னைச் சிசிலியன் வாயால் ‘பிச்சிரிட்டா’ என்று கூப்பிட்டார், சின்னப்பெட்டை என்று. முன்னால் குறுக்குச்சட்டம் இல்லாமல் கீறியிருக்கிறாய், விழுந்துவிடும் என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அவருடைய மரத்தூளுக்கு நடுவில் போய்க் கால்களைச் சேர்த்து நின்றீர்கள். பின்னால் சில அடி வைத்தீர்கள், முன்னால் வந்தீர்கள், மெல்ல ஆடினீர்கள். பிரார்த்தனையில் இப்படித்தான் போய் வருவது, முன்னால் கட்டை இருந்தால் இந்த வயதில் மூக்குத்தான் உடையும் என்றீர்கள். அவர் வாயிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கீறினார். இரண்டு அடிக்கட்டைகளையும் உங்கள் கால்களுக்கு இருபுறமும் நீட்டிவிட்டார். ஓகஸ்டில் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். நீங்கள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

நோன்புக்கு முந்திய கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை அது வந்து சேர்ந்தது. நீங்கள் சந்தைக்குப் போன வழியில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு பேரும் படியேறிக் கதவைத் திறந்தோம். சுவரின் முன்னால் புது மரம் மின்னிக்கொண்டு நின்றது. பலகையின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். தடுப்புச் சட்டத்தின் இரு முனையிலும் சின்னப் பொட்டுகள். கீழே அடிக்கட்டையருகே இரண்டாக வெட்டிய எலுமிச்சம்பழம், அதிலும் சிவப்பு. அம்மா முழுகி, ஈரத்தலையோடு, பரிசு கொடுக்கிறவரின் முகத்தோடு பக்கத்தில் நின்றார்.

உங்கள் கை பலகைக்கு நீண்டு, பாதியில் நின்றுவிட்டது.

“இதை ஆருக்குக் குடுத்தவா?” என்று அம்மாவைக் காட்டி என்னைக் கேட்டீர்கள். நான் பதில் தேடுவதற்குள் பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள்.

வேறொரு தெய்வத்துக்குப் படைத்த பொருளை வைத்து நீங்கள் பிரார்த்திக்க முடியாது என்று எனக்கு அப்போது தெரியாது. உங்கள் முதுகிலிருந்து ஏதோ பெரிய பிழை என்று மட்டும் விளங்கியது. அம்மா ஈரத்துணியால் துடைத்தார். பைன் மரம் சிவப்பைக் குடித்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பொட்டு பெருத்து, கையகலத்துக்கு வந்தது. “நல்லதுக்குத்தானே வைச்சனான்,” என்று மறுபடி மறுபடி சொன்னார். சனிக்கிழமை முழுவதும் நீங்கள் உங்கள் அறையில் கட்டிலோரமாக நின்று பிரார்த்தித்தீர்கள். சமையலறை இருட்டு என்றுகூடச் சொல்லவில்லை. எங்களை அனுப்பிவிடுவீர்கள் என்று நான் என் உடுப்புகளை மனதுக்குள் மடிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஞாயிறு காலை எங்கள் இருவரையும் சாப்பாட்டறைக்குக் கூப்பிட்டீர்கள். நான் நடுவில் நின்றேன்.

“கேள். இதை எந்தக் கடவுளுக்குக் குடுத்தவா?”

அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “கடவுளுக்கு நான் ஏன் இதைக் குடுக்கிறன்? அவருக்கென்ன கழுத்து நோவோ?”

அதை அப்படியே சொல்ல எனக்குப் பயம். சொன்னேன். உங்கள் வாயோரம் துடித்தது.

“புதுச் சாமான் எண்டால் வைக்கிறதுதான், சிஞ்ஞோரா. இவளின்ரை அப்பா சைக்கிள் வாங்கேக்கையும் வைச்சனாங்கள். தையல் மெஷினுக்கும் வைச்சனாங்கள். கண்ணூறு படக்கூடாது. அதிலை நிக்கிறவைக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. அவ்வளவுதான்.”

கண்ணூறுக்கு இத்தாலியன் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டதும் நீங்கள் கதிரையில் இருந்துவிட்டீர்கள். திரிப்போலியில் உங்கள் அம்மா கண்ணூறு படாமல் வாசல் கதவில் நீல மையால் ஒரு கை கீறியிருந்தாராம். உங்கள் தம்பி பிறந்தபோது அதை மறுபடி பூசினாராம். “நாங்கள் கதவைக் கும்பிடேல்லை,” என்று உங்களுக்குள்ளேயே சொன்னீர்கள். பிறகு எழுந்து தாங்கியைச் சுற்றி வந்து பார்த்தீர்கள். தெருவில் ரொட்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

“உரோமிலை கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். நான் கேக்கப்போறதில்லை. சரியோ பிழையோ, அது என்ரை கணக்கு. ஆனால் உதைக் கண்ணுக்கு முன்னாலை வைச்சுக்கொண்டு என்னாலை நிக்க ஏலாது. பலகையைத் திருப்புங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை தச்சர் இல்லை. நான் திருகாணிகளைக் கழற்றினேன். அம்மா சுத்தியலால் தடுப்புச் சட்டத்தைத் தட்டி எடுத்தார். பசையும் ஆணியும் பலகையின் விளிம்பைச் சிம்பாகப் பிய்த்துக்கொண்டு வந்தன. விளிம்பில் இனிச் சட்டம் பிடிக்காது. ஆகவே பலகையைத் திருப்பி, மறுபக்கத்தில், விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே தள்ளிச் சட்டத்தை அடித்தோம். பிய்ந்த இடத்தை நான் அரத்தாளால் உருட்டித் தேய்த்தேன். அழகு போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் தடித்த புத்தகத்தை வைத்து முன்னால் நின்றீர்கள். சட்டம் மேலே ஏறியதால் கீழே மிஞ்சிய இடத்தில் உங்கள் இரண்டு முன்கைகளும் போய்ப் படுத்தன. நானும் நீங்களும் மாதக்கணக்காகக் கீறிய ஒரு படத்திலும் அந்த இடம் இல்லை. முன்கை படுத்ததும் விரல் நடுக்கம் அடங்கியது. புத்தகம் உயர்ந்ததால் கழுத்து நிமிர்ந்தது. ஒரு பக்கத்தை வாசித்தீர்கள், புரட்டினீர்கள், மறுபக்கத்தையும் வாசித்தீர்கள்.

“எறும்பு நிண்டிட்டுது,” என்றீர்கள்.

அம்மாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டார்.

அந்த நோன்பு நாளில் நீங்கள் வெள்ளை உடுத்து, துணிச் சப்பாத்துப் போட்டு நின்றீர்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் நின்றீர்கள். களைத்தபோது முளையை இழுத்துப் பலகையை இறக்கி இருந்து வாசித்தீர்கள், பிறகு நீங்களே ஏற்றிக்கொண்டு எழுந்தீர்கள். யாரையும் கூப்பிடவில்லை. யன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, போயிற்று. அம்மாவும் நானும் அன்று சமையலறையில் இரகசியம் பேசுவதுபோலத்தான் சாப்பிட்டோம். முடிந்ததும் நீங்கள் வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, சீனி கூடுதலாகப் போட்டுத் தேநீர் கேட்டீர்கள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு அம்மாவைக் காட்டி என்னிடம் சொன்னீர்கள்: “சொல்லு, ஒரு கெடுதலும் வரேல்லை.”

பிறகு அது எங்கள் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. முளையை மட்டும் நீங்கள் ஓயாமல் தொலைத்தீர்கள். சட்டைப் பையில், மாத்திரைப் பெட்டியில், ஒருமுறை ரொட்டிக் கூடையில். கடைசியில் நீல நூலைக் கோத்து என்னிடம் தந்தீர்கள். அதற்குப் பிறகு இரவில் அது துளையிலும் பகலில் நீங்கள் கேட்கும்போது என் கையிலும் இருந்தது.

மாரியில் நான் வரலாற்றுப் பாடத்தை ஆசிரியரின் முன்னால் வாயால் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. எழுதச் சொன்னால் எழுதுவேன், எழுந்து நின்றால் தொண்டை அடைத்துவிடும். அதற்கு முந்திய நாள் மாலை நீங்கள் பிரார்த்தனை முடித்துத் திரும்பியபோது, சத்தமில்லாமல் சொன்னால் கடவுளுக்குக் கேட்குமா என்று கேட்டேன். எனக்காகத்தான் கேட்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். புத்தகத்தை எடுத்துவிட்டு என் வரலாற்றுப் புத்தகத்தை அங்கே வைக்கவில்லை, அது அதற்கான இடமில்லை என்று சாப்பாட்டு மேசையைக் காட்டினீர்கள். ஆனால் என்னோடு அங்கே வந்து நின்றீர்கள்.

“முதல் உதடு அசையட்டும். குரல் தன்ரை பாட்டிலை வரும்.”

அடுத்த நாள் வகுப்பில் உதட்டை அசைத்தேன். முதல் வசனம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது. யூன் மாத இறுதிப் பரீட்சையில் மேசைக்கு அப்பால் பல ஆசிரியர்கள் இருந்தார்கள். நீங்கள் அப்போது இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீங்கள் தாங்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது உனக்கு என்று சொல்லியிருந்தால் நாளைக்கு எனக்கு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும். “முளை பத்திரம்,” என்று மட்டும் சொன்னீர்கள். அதை வைத்து நான் என்ன உரிமை கேட்பது? அம்மாவின் கடிதத்தை நான் கெடுத்துவிட்டால்?

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்று மட்டும் தெளிந்திருக்கிறது. பலகையை நான் திருப்பிக் காட்ட மாட்டேன். உங்கள் கணக்கு உங்களோடு இருக்கட்டும். முளையை ஒளித்துக்கொண்டு போகவும் மாட்டேன். முளையில்லாத தாங்கியால் யாருக்கும் பயனில்லை. விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, உங்கள் அண்ணன் மகனிடம் கேட்பேன். இதைச் சிஞ்ஞோராவும் நானும் சேர்ந்து கீறினோம், உங்களுக்குத் தேவையில்லை என்றால் எனக்குத் தருவீர்களா என்று. இத்தாலியனில் இரண்டே வசனம். அவர் தரமாட்டேன் என்றால் முளையை நூலோடு கையில் கொடுத்து, தூக்கு, செருகு, விடு என்று காட்டிக்கொடுப்பேன். உரோமில் யாராவது கழுத்து நிமிர்ந்து வாசிப்பார்கள். குங்குமம் கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

சாப்பாட்டறைக்கு வந்துவிட்டேன். பலகையை நீங்கள் நின்று வாசிக்கும் உயரத்துக்கு ஏற்றி முளையைச் செருகிவிட்டு, கடைசி வரிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதுகிறேன். தாங்கிக்கு முன்னால் உங்கள் இடத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி, மேசையோரமாக எழுந்து நிற்கப்போகிறேன். நேரே சுவர். சுவருக்கு அப்பால் பகேரியா, நாளைக்கு நாங்கள் போகிற இடம். அதற்கும் அப்பால் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றது.

பயம் போகவில்லை, சிஞ்ஞோரா. ஆனால் அந்த இரண்டு வசனத்துக்கும் உதடு அசையத் தொடங்கிவிட்டது.